மதுரை மலைகளிலும் கண்மாய்க் கரைகளிலும் மாத உரைகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மதுரையைச் சுற்றியுள்ள குன்றுகள், கண்மாய்கள், கோயில்காடுகள், பழைய ஊர்கள் பற்றி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், அந்தந்த இடத்திலேயே உட்கார்ந்து பேசுகிறோம். முதல்முறை வர நினைப்பவர்கள் கேட்பதும், வந்துபோனவர்கள் வீட்டுக்குப் போய் யோசித்துக் கேட்பதும் இந்தப் பக்கத்தில் இருக்கின்றன.

இது சுற்றுலாவா, வகுப்பா?

இரண்டும் இல்லை. சுற்றுலா என்றால் ஒரே நாளில் ஐந்து இடம் பார்த்தாக வேண்டும்; இங்கே ஒரு காலைக்கு ஓர் இடம்தான். வகுப்பு என்றால் தேர்வு இருக்கும், சான்றிதழ் இருக்கும்; அதுவும் கிடையாது. விடிந்ததும் கூடுவோம், கொஞ்சம் நடப்போம் அல்லது ஏறுவோம், நிழல் பார்த்து உட்காருவோம். ஒருவரோ இருவரோ பேசுவார்கள். அப்புறம் கேள்விகள். பல நாட்களில் கேள்வி நேரம்தான் உரையைவிட நீளமாகப் போகிறது, அதைத்தான் நாங்களும் விரும்புகிறோம்.

கல்வெட்டு ஆய்வாளரையும் பறவை பார்ப்பவரையும் ஏன் ஒரே மேடையில் உட்கார வைக்கிறீர்கள்? இரண்டும் தனித்தனிப் பாடம் இல்லையா?

பல்கலைக்கழகத்தில் தனித்தனி. மலையில் அப்படி இல்லை.

இந்தப் பக்கத்துக் குன்றுகள் பெரும்பாலும் நைஸ் வகைப் பாறை. சுமார் 55 கோடி ஆண்டுகளுக்கு முன் நிலத்தின் ஆழத்தில் வெப்பமும் அழுத்தமும் வாட்டி உருமாற்றிய பாறை இது. மேலே மூடியிருந்த நிலமெல்லாம் அரித்துப் போனபின் வெளியே தெரிந்து, வெயிலிலும் மழையிலும் வெங்காயத் தோல்போல் அடுக்கடுக்காக உரிந்துகொண்டு வருகிறது. அப்படி உரிந்து விழுந்த இடங்களில்தான் குடைபோல் முன்னால் நீண்ட பாறைக் கூரைகள் உருவாகின்றன. இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் சமணத் துறவிகள் தங்குவதற்குத் தேர்ந்தெடுத்தது இந்தக் கூரைகளைத்தான். மழைநீர் பாறையின் முகத்தோடு வழிந்து உள்ளே வராமல் இருக்க மேல்விளிம்பில் நீளமாக ஒரு காடி, அதாவது பள்ளமான வரி, வெட்டினார்கள். கீழே படுக்கைகளைச் செதுக்கினார்கள், தலைமாட்டைச் சற்று உயர்த்தி. கொடுத்தவர் பெயரைக் காடிக்குக் கீழே, நனையாத இடத்தில் பொறித்தார்கள். எழுத்து இன்றுவரை நிற்பதில் அந்தக் காடிக்குப் பெரும் பங்கு உண்டு.

இன்னும் கொஞ்சம் அண்ணாந்து பார்த்தால், அதே செங்குத்துப் பாறையின் எட்டாத விளிம்பில் ஷாஹீன் வல்லூறு கூடு வைத்திருக்கும். மொட்டைப் பாறையில் விழுகிற மழை உள்ளே இறங்காமல் அப்படியே வழிந்து அடிவாரத்துக்கு வரும். அதைத் தேக்கத்தான் மலைக்குக் கீழே கண்மாய். மேலே பள்ளங்களில் தங்கும் நீர் சுனை. துறவிக்கும் குடிநீர் அதுதான், ஆடு மேய்ப்பவருக்கும் அதுதான், தேவாங்குக்கும் அதுதான். இதில் எந்த இடத்தில் கோடு போட்டு, இது இயற்கை, அது வரலாறு என்று பிரிப்பது? கல்வெட்டை மட்டும் பேசினால், அந்த ஆட்கள் ஏன் இங்கே வந்தார்கள் என்பது விடுபட்டுப் போகிறது. பறவையை மட்டும் பேசினால், இந்த மலை ஏன் இத்தனை காலம் உடைபடாமல் இருந்தது என்பது விடுபட்டுப் போகிறது.

அரங்கில் ஸ்லைடு போட்டுக் காட்டினால் இன்னும் நிறையப் பேர் பார்க்கலாமே?

பார்க்கலாம். ஆனால் மாங்குளம் கல்வெட்டைத் திரையில் பார்ப்பதும், மீனாட்சிபுரத்திலிருந்து மூச்சு வாங்க ஏறிப்போய்ப் பாறைக்குக் கீழே நின்று பார்ப்பதும் ஒன்றல்ல. மாங்குளம் தமிழ்நாட்டின் மிகப் பழைய கல்வெட்டு இடங்களில் ஒன்று. 1882-இல் ஆங்கிலேய அதிகாரி ராபர்ட் சீவெல் இதைக் குறிப்பிட்டார். 1924-இல் கல்வெட்டு ஆய்வாளர் கே.வி. சுப்பிரமணிய ஐயர் இந்த வகைக் குகைக் கல்வெட்டுகளின் மொழி தமிழ்தான் என்று எடுத்துக்காட்டினார். 1965-இல் இன்னோர் ஆய்வாளர் ஐராவதம் மகாதேவன் இங்கே நெடுஞ்செழியன் என்ற பாண்டியன் பெயர் இருப்பதைப் படித்துச் சொன்னார். சங்கப் பாட்டில் கேட்ட பெயர், கல்லில்.

என்ன எழுதியிருக்கிறது? கணி நந்தாசிரியர் குவன் என்ற துறவிக்கு, நெடுஞ்செழியனின் பணவன், அதாவது அவனுடைய அலுவலர், கடலன் வழுதி என்பவர் வெட்டுவித்துக் கொடுத்த பள்ளி, அதாவது துறவிகளின் இருப்பிடம், என்று ஒரு வரி. பக்கத்திலேயே வெள்ளறை நிகமம் என்ற வணிகர் குழுவின் கொடை. மன்னனின் ஆள், ஊர் வியாபாரிகள், வீட்டைத் துறந்த ஒருவர் ஆகிய மூவரையும் ஒரே பாறை சேர்த்து வைத்திருக்கிறது. மகாதேவன் இதன் காலத்தைக் கி.மு. 2ஆம் நூற்றாண்டு என்றார். இன்னும் பழையது என்று சொல்கிற அறிஞர்களும் உண்டு. இந்த வரியைப் படித்துக் காட்டிவிட்டுத் திரும்பினால் கீழே வயல், கண்மாய், தூரத்தில் ஊர் தெரியும். கொடை கொடுத்தவர்கள் எங்கிருந்து ஏறி வந்திருப்பார்கள் என்று யாரும் சொல்லாமலே கண் தேடத் தொடங்கும். அதற்காகத்தான் அங்கே கூட்டிப் போகிறோம்.

அரங்க உரைகளுக்கு நாங்கள் எதிரிகள் அல்ல. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் பாறை வழுக்கும், மின்னல் பயமும் உண்டு. அந்த மாதங்களில் கூரைக்குக் கீழேதான் கூடுகிறோம்.

எனக்குப் பழைய எழுத்து எதுவும் படிக்கத் தெரியாது. வந்தால் புரியுமா?

வருகிறவர்களில் மிகப் பெரும்பாலோருக்குத் தெரியாது. தமிழ் படிக்கத் தெரிந்தால் போதும். தமிழி என்பது இந்தக் குகைக் கல்வெட்டுகளின் மிகப் பழைய எழுத்து, தமிழ் பிராமி என்றும் சொல்வார்கள்; அதில் சிலவற்றை அன்றைக்கே பழகிவிடலாம். அதற்குப் பிந்திய, வளைவான வட்டெழுத்து கொஞ்சம் கடினம், நாள் பிடிக்கும்.

முதல்முறை வருகிறவர்களை நாங்கள் கூட்டிப் போக விரும்பும் இடம் கீழக்குயில்குடி சமணர் மலையின் பேச்சிப்பள்ளம். படிகள் உண்டு. சுனைக்கு மேலே பாறையில் எட்டுத் திருமேனிகள் வரிசையாகச் செதுக்கியிருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் கீழே, அதைச் செய்வித்தவர் யார் என்று வட்டெழுத்தில் குறிப்பு. அதில் ஒன்று, அச்சணந்தியின் தாயார் குணமதியார் செய்வித்த திருமேனி என்று சொல்கிறது. அச்சணந்தி பாண்டிய நாட்டு மலைகள் பலவற்றில் சமணத் திருவுருவங்களைச் செய்வித்த துறவி; ஆனைமலையிலும் அவர் பெயர் இருக்கிறது. துறவு போன மகனின் பெயரோடு தன் பெயரையும் சேர்த்து ஒரு தாய் கல்லில் வெட்டுவித்திருக்கிறார். சுமார் ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன்! இதைக் கேட்டபின் அந்த எழுத்தைப் படிக்க வேண்டும் என்ற ஆசை தானாக வந்துவிடும்.

காலை வெயில் சாய்வாக விழும்போது எழுத்தின் பள்ளங்களில் நிழல் விழுந்து, வெட்டு நன்றாகத் தெரியும். உச்சி வெயிலில் அதே எழுத்து காணாமல் போய்விடும். நாங்கள் சீக்கிரம் வரச் சொல்வதற்கு வெக்கை மட்டும் காரணமில்லை. நிழலான குகைக்குள் கைவிளக்கை நேராக அடிக்காமல் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள், வித்தியாசம் தெரியும்.

எழுத்து தெளிவாகத் தெரிய சாக்பீஸ் தேய்க்கலாமா? நாங்களே படி எடுக்கலாமா?

கூடாது. சாக்பீஸ், சுண்ணாம்பு, எண்ணெய், பெயின்ட் எதுவும் கல்வெட்டின் மேல் படக்கூடாது. தேய்க்கிற கை, எழுத்து எது, வெடிப்பு எது என்று தானாக முடிவு செய்துவிடுகிறது. அடுத்து வருகிறவர் அந்தத் தவறான கோட்டைத்தான் படிப்பார். மைப்படி எடுப்பது தனிப் பயிற்சி. கல்லைச் சுத்தம் செய்து, நனைத்த தாளை ஒட்டி, தூரிகையால் தட்டித்தட்டி எழுத்தின் பள்ளத்துக்குள் இறக்கி, அதற்குப் பிறகே மை ஒற்ற வேண்டும். தொல்லியல் துறையின் அனுமதி உள்ளவர்கள்தான் செய்யலாம். போட்டோ எடுங்கள், எவ்வளவு வேண்டுமானாலும்.

பெயர் கிறுக்குவது பற்றியும் சொல்லிவிடுகிறோம். மத்திய தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள சின்னத்தைச் சேதப்படுத்தினால் இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் என்று 2010-இல் திருத்திய சட்டம் சொல்கிறது. கற்படுக்கைமேல் காதலர் பெயர்களைப் பார்க்கும்போது வயிறு எரிகிறது. தயவுசெய்து உங்களோடு வருகிற இளைஞர்களுக்கு முன்கூட்டியே சொல்லிக் கூட்டி வாருங்கள்.

எத்தனை மணிக்கு, என்ன கொண்டுவர வேண்டும்?

காலை 6 மணிக்குக் கூடுமிடத்தில் இருக்க வேண்டும், 10 மணிக்குள் கீழே இறங்கிவிடுவோம். பிடிமானமுள்ள செருப்பு அல்லது ஷூ, தொப்பி, ஒரு துண்டு, ஆளுக்கு ஒரு லிட்டர் தண்ணீர். காலைச் சாப்பாடு அந்த ஊரிலேயே சமைக்கச் சொல்லியிருப்போம், பெரும்பாலும் பொங்கலோ இட்லியோ. தட்டும் டம்ளரும் வீட்டிலிருந்து கொண்டுவந்தால் குப்பை மிச்சம்.

கண்டிப்பான விதி ஒன்று உண்டு. செண்ட் அடித்துக்கொண்டு வராதீர்கள். மலையில் பீடி, சிகரெட், ஊதுபத்தி, புகை எதுவும் வேண்டாம். பாறை விளிம்புகளில் மலைத்தேனீக்கள் பெரிய அடைகளாகத் தொங்கும். கலைந்தால் கூட்டமாகத் துரத்தும். அப்படி வந்துவிட்டால் கையை வீசி விரட்டாமல், முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு அந்த இடத்தைவிட்டு வேகமாக விலக வேண்டும். துண்டு கேட்பது இதற்கும் சேர்த்துத்தான்.

கட்டணம் உண்டா?

உரைக்குக் கிடையாது. சாப்பாட்டுச் செலவைப் பங்கிட்டுக்கொள்கிறோம். கொடுக்க முடியாதவர்களிடம் கேட்பதில்லை.

அம்மாவுக்கு முழங்கால் வலி. மலை ஏற முடியாதவர்கள் வரலாமா?

தாராளமாக. கண்மாய்க் கரை உரைகளும் ஊர் மந்தை உரைகளும் சமதரையில்தான் நடக்கும். ஆனைமலை அடிவாரத்து நரசிங்கம் குடைவரைக்கு, அதாவது பாறையைக் குடைந்த கோயிலுக்கு, வண்டியிலேயே போய் இறங்கலாம். கி.பி. 770-இல் பாண்டியன் நெடுஞ்சடையன் பராந்தகனின் அமைச்சர் மாறன் காரி தொடங்கி, அவர் இறந்தபின் தம்பி மாறன் எயினன் முடித்த கோயில் அது. அந்தச் செய்தியே அங்கே கல்லில் இருக்கிறது. கீழக்குயில்குடியிலும் மேலே ஏறாதவர்கள் அடிவாரத்துத் தாமரைக் குளத்தையும் கருப்பசாமி கோயிலையும் ஆலமர நிழலையும் விட்டு எழுந்து வருவதே இல்லை. ஒவ்வொரு மாத அறிவிப்பிலும் எவ்வளவு ஏற வேண்டும், படி உண்டா, வெறும் பாறையா என்பதை எழுதுகிறோம். அதைப் படித்து முடிவு செய்யுங்கள்.

குழந்தைகள்?

கூட்டி வாருங்கள். எட்டு வயதுக்கு மேல் என்றால் அவர்களுக்கும் பிடிக்கும், உங்களுக்கும் நிம்மதி. சுனைப் பக்கம் மட்டும் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். மேலே சின்னதாகத் தெரியும், ஆழம் நிறைய, பாசி வழுக்கும்.

பேசுகிறவர்கள் எல்லாம் பேராசிரியர்களா?

பேராசிரியர்கள், ஓய்வுபெற்ற தொல்லியல் அலுவலர்கள், பறவை பார்ப்பவர்கள், தாவரவியல் படித்தவர்கள் எல்லாரும் உண்டு. ஆனால் ஒவ்வோர் உரையிலும் அந்த ஊரைச் சேர்ந்த ஒருவராவது பேச வேண்டும் என்பது எங்கள் வழக்கம். இது மரியாதைக்காகச் செய்கிற ஏற்பாடு அல்ல. அவர்களுக்குத் தெரிவது வேறு எங்கும் எழுதப்படவில்லை.

ஓர் உதாரணம். கண்மாய்க் கரையில் உட்கார்ந்தால், மிஞ்சிய தண்ணீர் வெளியேறும் கலுங்கின்மேல் வரிசையாக நட்ட கற்கள் தெரியும். எதற்கு என்று படித்தவர்களில் பலருக்குத் தெரியாது. நீர்பாய்ச்சி வேலை பார்த்த பெரியவர் ஒருவர் எழுந்து சொல்வார்: பருவமழை முடியும் நேரத்தில் அந்தக் கற்களின் இடைவெளியில் வைக்கோலும் மண்ணும் வைத்து அடைப்பார்கள். அதனால் கண்மாயில் கூடுதலாகச் சில அடி தண்ணீர் நிற்கும். திடீரென்று பெரிய மழை வந்தால் அந்த அடைப்பை உடைத்துவிட்டால் போதும், தண்ணீர் மறுகால் பாய்ந்துவிடும், கரை தப்பிக்கும். யார் அடைப்பது, யார் உடைப்பது, மேட்டு வயல்காரருக்கும் பள்ளத்து வயல்காரருக்கும் சண்டை வந்தால் யார் தீர்ப்பது என்று அவர் அடுக்கிக்கொண்டே போவார். பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற பொறியாளர் குறிப்பெடுப்பார். இந்த மாதிரிக் காலைப்பொழுதுகளுக்காகவே இதை நடத்துகிறோம் என்று சொல்லலாம்.

ஆடு மேய்க்கிறவர்களுக்கு எந்தச் சுனையில் சித்திரையிலும் தண்ணீர் நிற்கும் என்று தெரியும். உசிலை இலையைக் காயவைத்து அரப்பு இடிக்கிற பெண்களுக்கு எந்தச் சரிவில் மரம் குறைந்துவிட்டது என்று தெரியும். மைக்கைப் பார்த்தால் தயங்குகிறவர்கள்தான் பெரும்பாலும். அதனால் மைக்கைக் கொடுக்காமல் வட்டமாக உட்கார்ந்து கேட்கிறோம்.

எங்கள் ஊரில் அதைப் பஞ்சபாண்டவர் படுக்கை என்கிறார்கள். நீங்கள் சமணர் படுக்கை என்கிறீர்கள். ஊர்ப் பெரியவர்கள் சொல்வது பொய்யா?

பொய் என்று நாங்கள் சொன்னதே இல்லை. கல்வெட்டு, படுக்கையைச் செய்து கொடுத்தது யார், யாருக்காக என்பதைச் சொல்கிறது. அந்த அளவில் அது சமணத் துறவிகளின் இருப்பிடம்தான், சந்தேகமே வேண்டாம். துறவிகள் போய் எத்தனையோ நூற்றாண்டு ஆனபின், ஆளில்லாத மலையில் வரிசையாகப் படுக்கைகளைப் பார்த்த மக்கள் வனவாசம் போன பாண்டவர்களோடு அதைச் சேர்த்துக்கொண்டார்கள். சமணர் மலையின் செட்டிப்புடவுக் குகையில் அமர்ந்திருக்கும் பெரிய மகாவீரரைச் செட்டியார் என்றார்கள். ஒரு பெயரைக் கொடுத்துச் சொந்தமாக்கிக்கொண்டதால்தான் அந்த இடங்களுக்கு ஒரு பயமும் மதிப்பும் இருந்தது. கருப்பசாமி காவல் இருக்கிற மலையில் உளி வைக்க ஆள் துணியமாட்டான்.

ஆகவே உரையில் இரண்டையும் சொல்கிறோம், எது எந்த வகைச் சான்று என்பதைப் பிரித்துச் சொல்கிறோம். ஊர்க்கதையைக் கேட்டுச் சிரிக்கிற பேச்சாளரை அடுத்தமுறை அழைப்பதில்லை.

கீழடிக்கு வயது மூவாயிரம், ஐயாயிரம் என்று வாட்ஸ்அப்பில் வருகிறது. எதை நம்புவது?

அறிவித்த முடிவைச் சொல்கிறோம். 2014-இல் மத்திய தொல்லியல் துறை தொடங்கிய அகழாய்வு அது; நான்காம் கட்டத்திலிருந்து தமிழக அரசின் தொல்லியல் துறை நடத்துகிறது. 353 செ.மீ. ஆழத்தில் எடுத்த கரித்துண்டு ஒன்றின் காலம் கி.மு. 580 என்று கரிமப் பகுப்பாய்வில் வந்தது. 2019-இல் வெளியான அறிக்கை இதைச் சொன்னது. அதாவது சுமார் 2,600 ஆண்டுகள். வைகைக் கரையில் அந்தக் காலத்திலேயே செங்கல் கட்டடம், உறைகிணறு, பானையில் கீறிய தமிழி எழுத்துப் பெயர்கள் எல்லாம் சேர்ந்த வாழ்க்கை இருந்தது என்பது எவ்வளவு பெரிய செய்தி! இதை ஐயாயிரம் ஆக்க வேண்டிய அவசியம் நமக்கு எங்கே இருக்கிறது? கூட்டிச் சொல்கிற ஒவ்வோர் ஆண்டும் உண்மையான 2,600-ஐயும் சேர்த்துச் சந்தேகத்துக்கு உள்ளாக்குகிறது.

எங்கள் பேச்சாளர்களிடம் நாங்கள் வைக்கிற வேண்டுகோள் இதுதான்: தெரிந்த காலத்தைச் சொல்லுங்கள், எப்படித் தெரியும் என்பதையும் சொல்லுங்கள். கரித்துண்டா, எழுத்தின் வடிவமா, மன்னனின் ஆட்சியாண்டா? கேட்கிறவர்களுக்கு அது அலுப்பதில்லை. தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006-இல் கிடைத்த தமிழி நடுகற்களைப் பற்றிப் பேசியபோது, ஆநிரை கவர்ந்த பூசலில் இறந்தவனுக்கு நட்ட கல் என்பதை எழுத்தெழுத்தாகக் கூட்டிப் படித்தோம். கூட்டம் அசையவில்லை.

சாதி, மதப் பெருமை பேச இடம் உண்டா?

இல்லை. மாங்குளத்தில் சமணருக்குப் பாண்டியனின் அலுவலர் கொடுத்திருக்கிறார். அரிட்டாபட்டியில் ஒரே மலைக்கூட்டத்தில் தமிழிக் கல்வெட்டும், மகாவீரர் திருவுருவமும், சிவனின் அவதாரமாகக் கருதப்படும் இலகுலீசரின் சிற்பத்தோடு சிவன் குடைவரையும் இருக்கின்றன. இதையெல்லாம் ஒரு குலத்துக்கோ ஒரு மதத்துக்கோ எழுதி வைக்க முடியாது. இன்னார் வாரிசு நாங்கள் என்று யாராவது எழுந்தால் சான்று கேட்போம். வாக்குவாதமாகப் போனால் உரையை அதோடு நிறுத்திவிடுவோம்.

இப்படிப் பேசுவதால் மலை காப்பாற்றப்படுமா? குவாரிக்காரர்கள் உரை கேட்க வருவதில்லையே.

நியாயமான கேள்வி. மேலூர்ப் பக்கம் கிரானைட் குவாரிகள் தின்று தீர்த்த குன்றுகளைப் பார்த்தவர்கள் யாரும் இதை லேசாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். கீழவளவில் படுக்கைகள் உள்ள குன்று பாதுகாப்பில் நிற்கிறது. சுற்றியிருந்தவை பள்ளமாகக் கிடக்கின்றன.

அரிட்டாபட்டியில் நடந்ததைச் சொல்கிறோம். அரிட்டாபட்டி, மீனாட்சிபுரம் ஊர்களில் சுமார் 193 ஹெக்டேரை 2022 நவம்பரில் தமிழக அரசு பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவித்தது. மாநிலத்தில் இதுதான் முதலாவது. அரசு அதற்குச் சொன்ன காரணங்களைப் பாருங்கள்: ஏழு குன்றுகள், 72 ஏரி கண்மாய்கள், 200 இயற்கை ஊற்றுகள், சுமார் 250 பறவையினங்கள், அவற்றில் லகர் வல்லூறு, ஷாஹீன் வல்லூறு, போனெல்லிக் கழுகு; பறவைகள் தவிர அழுங்கு என்ற எறும்புதின்னி, மலைப்பாம்பு, தேவாங்கு; கூடவே சமணப் படுக்கைகள், தமிழிக் கல்வெட்டுகள், குடைவரை. மலையையும் எழுத்தையும் பறவையையும் ஒரே அரசாணை ஒன்றாகச் சேர்த்தது.

இரண்டே ஆண்டில், 2024 நவம்பரில், நாயக்கர்பட்டி டங்ஸ்டன் சுரங்கத் தொகுதி ஏலம் போன செய்தி வந்தது. இந்தத் தலமும் அதற்குள் அடக்கம். சுற்றியிருந்த ஊர்கள் கிராம சபைகளில் தீர்மானம் போட்டன. டிசம்பரில் சட்டமன்றம் எதிர்த்துத் தீர்மானம் நிறைவேற்றியது. 2025 ஜனவரி 7 அன்று மேலூர்ப் பகுதி மக்கள் மதுரை தல்லாகுளம் வரை திரண்டு வந்தார்கள். ஜனவரி 23 அன்று மத்திய அரசு ஏலத்தை ரத்து செய்தது.

இது அந்த மக்கள் வென்றது. உரை நடத்துகிறவர்கள் வென்றதாக யாரும் சொல்லிக்கொள்ளக் கூடாது. ஆனால் ஊர்ப் பெண்கள் கேமரா முன்னால் நின்று, இங்கே இன்ன கல்வெட்டு இருக்கிறது, இத்தனை ஊற்று இருக்கிறது, இன்ன கழுகு கூடு வைக்கிறது என்று தடுமாறாமல் சொன்னார்களே, அதைக் கேட்டபோது எங்களுக்கு உடம்பு சிலிர்த்தது. தன் ஊரில் என்ன இருக்கிறது என்று பெயர் சொல்லத் தெரிந்தவரை, அது வெறும் பொட்டல் என்று யாரும் ஏமாற்ற முடியாது. எங்கள் வேலை அந்தப் பெயர்களைப் பரப்புவது.

ட்ரோன் பறக்கவிடலாமா? கூட்டைப் பக்கத்தில் போய்ப் படம் எடுக்கலாமா?

இரண்டும் கூடாது. வல்லூறுகளும் கழுகுகளும் குளிர்காலத்திலிருந்து கோடை தொடங்கும்வரை பாறை விளிம்பில் கூடு வைக்கின்றன. கலைத்தால் தாய்ப்பறவை எழுந்துபோகும், அந்த வெயிலில் முட்டையும் குஞ்சும் தாங்காது. அந்த மாதங்களில் கூடு உள்ள பாறைகளின் பக்கம் உரையே வைப்பதில்லை. தூரத்திலிருந்து பைனாகுலரில் பார்க்கலாம். கூடு எங்கே என்பதை வலைத்தளங்களில் போடாதீர்கள். பறவை பார்க்க ஆர்வம் வந்துவிட்டால் ஜனவரியில் நடக்கும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பில் சேர்ந்துகொள்ளுங்கள், உங்கள் தெருவிலிருந்தே தொடங்கலாம்.

எங்கள் நிலத்தில் கிணறு வெட்டும்போது பெரிய தாழி ஒன்று தெரிந்தது. என்ன செய்வது?

தோண்டுவதை அந்த இடத்தில் நிறுத்துங்கள். உள்ளே இருப்பதை எடுக்க வேண்டாம், கழுவ வேண்டாம். தாழி எந்த ஆழத்தில், எந்தத் திசையில், எதன் பக்கத்தில் இருந்தது என்பதில்தான் பாதிச் செய்தி இருக்கிறது. வெளியே எடுத்துவிட்டால் அது வெறும் பானை. பக்கத்தில் ஓர் அளவுகோலோ குடையோ வைத்துப் படம் எடுத்துக்கொண்டு, கிராம நிர்வாக அலுவலரிடமோ தாசில்தாரிடமோ சொல்லுங்கள். புதையல் சட்டம் 1878-ஆம் ஆண்டிலிருந்தே நடப்பில் இருக்கிறது. பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையலை ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும். நிலம் பறிபோய்விடும் என்ற பயத்தில் பலர் மூடி மறைக்கிறார்கள். ஒரு தாழி கிடைத்ததற்காக நிலம் போய்விடாது. தயக்கமாக இருந்தால் முதலில் எங்களிடம் பேசுங்கள், கூட வருகிறோம்.

எங்கள் ஊரிலும் இப்படித் தொடங்க ஆசை. பணம், ஆள் எல்லாம் நிறைய வேண்டுமா?

அவ்வளவாக வேண்டாம். மதுரையில் எழுத்தாளர் அ. முத்துகிருஷ்ணன் 2010-இல் தொடங்கிய பசுமை நடை என்ற மரபு நடைக் குழு, ஆனைமலையைச் சிற்ப நகரமாக்கும் திட்டத்துக்கு எதிர்ப்பு கிளம்பிய நேரத்தில் பிறந்தது. இன்று தமிழ்நாட்டில் பல ஊர்களில் மரபு நடைகள் நடக்க அது வழிகாட்டி.

எங்கள் யோசனை: புகழ்பெற்ற இடத்தில் தொடங்காதீர்கள். உங்கள் ஊர்க் கண்மாயில் தொடங்குங்கள். ஒரு கண்மாய்க்கு மடை எத்தனை, ஒவ்வொரு மடைக்கும் பெயர் என்ன, மறுகால் எந்த ஊருக்குப் போகிறது, கரையில் எந்தச் சாமி, ஊரார் கூடிக் கண்மாயைச் செப்பனிடும் குடிமராமத்துக்கு யார் ஆள் அனுப்பினார்கள், எந்தப் பறவை எந்த மாதம் வருகிறது என்று கேட்டாலே மூன்று காலைக்குப் பேச்சு இருக்கிறது. கோயில்காடு இருந்தால் அடுத்தது அங்கே. திண்டுக்கல் மாவட்டம் காசம்பட்டி வீர கோயில் காடு ஐந்து ஹெக்டேர்கூட இல்லை. 2025-இல் அதுவும் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது. சின்ன இடம் என்று தயங்க வேண்டியதில்லை.

போவதற்கு முன் ஊர்ப் பெரியவர்களிடமும், ஊராட்சித் தலைவரிடமும், கோயில் பூசாரியிடமும் நேரில் போய்ச் சொல்லுங்கள். காப்புக்காடாக இருந்தால் வனத்துறை அனுமதி கட்டாயம். முதல்முறை இருபது பேருக்கு மேல் சேர்க்காதீர்கள். குரல் கேட்கும், பாறை தாங்கும். அப்புறம், பேசியதைப் பதிவு செய்து, சுருக்கமாக எழுதி, ஒரு பிரதி அந்த ஊர்ப் பள்ளிக்கூடத்துக்குக் கொடுங்கள். வெளியூர்க்காரர்கள் வந்தார்கள், படம் எடுத்தார்கள், போனார்கள் என்று ஆகிவிடக் கூடாது.

அடுத்து எங்கே, எதைப் பற்றி என்று நாங்கள் சொல்லலாமா?

சொல்லுங்கள். இடத்தின் பெயர், எந்த ஊர் பஸ்ஸில் வந்து இறங்க வேண்டும், ஏற வேண்டுமா, அங்கே பேசக்கூடிய பெரியவர் யாராவது உண்டா என்ற நான்கையும் எழுதி மாத அறிவிப்பில் உள்ள எண்ணுக்கு அனுப்புங்கள். படம் இருந்தால் நல்லது. நாங்கள் முதலில் ஒருமுறை வந்து பார்ப்போம், அப்போது நீங்களும் கூட இருக்க வேண்டும்.